மணற்காட்டில் போட்ட ஹெட்லைட்

பட்டப்பகல் பன்னிரண்டு மணி. இரண்டு பக்கமும் மணல். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ரோட்டில் எங்கள் வேனைத் தவிர வேறு வாகனமே இல்லை. அப்போது என் வீட்டுக்காரர் ஹெட்லைட்டைப் போட்டார். போட்டுவிட்டு நீளமாக ஹோர்ன் அடித்தார்.

“என்னங்க செய்றீங்க?” என்றேன்.

“பனிமூட்டம் இறங்கிருச்சு புஷ்பம். எதிர்ல வர்றவனுக்குத் தெரியணும்ல.”

நான் சிரித்துவிட்டேன். சத்தம் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது. இந்த வாரம் அதைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு பதில். போன வாரம் எழுதியதைப் படித்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். “இந்த அம்மா எல்லாரையும் திட்டுகிறாரே, வீட்டிலும் இப்படித்தானா?” என்று கேட்கிறார். ஐயா, வீட்டில் இதைவிட மோசம். முப்பது வருடம் தண்ணீர் பில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, மூன்று மொழியில் ஏச்சு வாங்கி, மூன்று மொழியில் திருப்பிக் கொடுத்தவள் நான். எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். என் கோபத்துக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

பிள்ளையாருக்குப் பின்னால்

என் வீட்டுக்காரர் பெயர் வேலாயுதம். ஹந்தானையில் இருந்து கண்டி டவுனுக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். காலையில் கீழே, பகலில் மேலே. எத்தனை வளைவு என்று நான் எண்ணியதில்லை. அவர் எண்ணியிருப்பார். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஹோர்ன். தூக்கத்தில்கூட அவர் கை தலையணையை அமுக்கும்.

பெற்றோல் வரிசையும் டீசல் வரிசையும் ஒழிந்து ஒரு வருடம் கழிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அதன் வீட்டுக்கு இரண்டு கேட் முன்னாலேயே இறக்கிவிட்டு வந்துவிட்டார். அந்தக் கேட்டில் நாய். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் அம்மா போனில் என்னிடம் கத்தினாள். கவுண்டரில் இருந்தவள் என்பதால் எந்தக் கத்தலில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் இருந்தது.

ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிய அன்று வேனைக் கழுவ இறங்கினேன். டாஷ்போர்டில் பிள்ளையார் படம். அதைத் துடைக்க எடுத்தபோது பின்னால் இருந்து ஆஸ்பத்திரிக் கண் கிளினிக் கார்ட் ஒன்று விழுந்தது. ஒன்பது மாதத்துத் திகதிகள். கண்ணுக்குள் அழுத்தம், இரண்டு கண்ணிலும். எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தியிடம் கேட்டேன். “போன பார்வை திரும்பாதுக்கா. இருக்கிறதைக் காப்பாத்தணும். ஓட்டவே கூடாது” என்றாள்.

ஒன்பது மாதமாக இந்த மனுஷன் பதினாறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கண்ணில் இருப்பதைப் பிள்ளையாருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்.

“சாவியைக் குடுங்க” என்றேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டினேன்.

“எதுக்கு?”

“கார்டைப் பாத்துட்டேன்.”

அவர் கதிரையில் உட்கார்ந்தார். மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் மூணு கிழமை இருக்கு. அதுக்குள்ள தர்றேன்.”

“இப்பவே தாங்க. இல்லாட்டி ஒவ்வொரு தாய்க்கும் போன் போட்டுச் சொல்லுவேன்.”

“சொல்லு. அதுக்கு முன்னாடி ஒன்னே ஒன்னு. முப்பது வருஷமா வளைச்சு வளைச்சே ஓட்டிட்டேன். ஒரே ஒரு தடவை நேரா ஓட்டணும். அந்தப் படத்துல வர்ற ரோட்ல. அப்புறம் நானே உன் கையில தர்றேன்.”

“எந்தப் படம்?”

“நாம கல்யாணம் முடிச்ச வாரம் பாத்தோமே. அந்தப் படம்.”

பறித்திருக்கலாம். ஆனால் மாற்றுச் சாவி ஒன்று வீட்டில் எங்கோ இருக்கிறது, அது எங்கே என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அரிசி வாளி, சாமித் தட்டு, தையல் மெஷினில் இழுக்கும் லாச்சி எல்லாம் கிண்டிப் பார்த்தேன். இல்லை. அவராகத் தந்தால்தான் உண்டு. பள்ளிக்கூடம் மூடியிருந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒத்துக்கொண்டேன்.

நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு ரோட்

அந்தப் படத்தை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. தியேட்டரில் இருந்தேன், அவ்வளவுதான். முன் கதிரைக்காரன் வெற்றிலைச் சாற்றைக் கீழே துப்பிக்கொண்டிருந்தான். என் புதுச் சேலை ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடியே மூன்று மணித்தியாலம் போனது.

இவர் மட்டும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். திரையில் பாலைவனம். நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு ரோட். திறந்த காரில் கதாநாயகன் ஒரு கையால் ஓட்டுகிறான். பக்கத்தில் கதாநாயகியின் துப்பட்டா பறக்கிறது. இவர் என் காதில் சொன்னார்: “பாத்தியா, ஒரு வளைவு இல்ல.”

புதுப் பெண்டாட்டியிடம் தியேட்டர் இருட்டில் சொல்ல வேறு எவ்வளவோ இருந்தது. இவர் சொன்னது அது.

அந்த ரோட் நம் நாட்டில்தான் இருக்கிறது என்று யாரோ ஒரு லொறிக்காரன் அவருக்குச் சொல்லியிருக்கிறான். நாற்பது வருடம் அதை நம்பிக்கொண்டிருந்தார். படத்தின் பெயர் மட்டும் மறந்துவிட்டது. கதாநாயகன் யார் என்றும் சந்தேகம். ரோட் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆராய்ச்சி

குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் கேட்டேன். அது என் முதல் பிழை. கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் தான் அமெரிக்கப் பாலைவனத்தில் காரில் சாய்ந்து நிற்கும் படங்கள் பதினேழு அனுப்பினார். ஒருத்தி பாலைவனத்தில் குட்மோர்னிங் எழுதிய படம் போட்டாள். இன்னொருவர் பழைய படத்து ரோட்டுகளைத் தேடிப் போய் வீடியோ எடுக்கும் பையன்களின் இணைப்புகளை அனுப்பினார். எல்லாவற்றிலும் ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரிக் கறுப்புக் கண்ணாடி. ரோட்டைக் காட்டுவது ஐந்து வினாடி, தன் மூஞ்சியைக் காட்டுவது பத்து நிமிடம்.

எங்கள் ஊரில் வேறு கூத்து. வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து, எங்கள் வளைவுகளைப் பார்த்து வாயில் கையை வைக்கிறார்கள். ஆட்டோவை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். நாங்கள் அந்த வளைவில் வாந்தி எடுத்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு எங்கள் வளைவு வேண்டும், எங்களுக்கு அவர்களுடைய நேர் ரோட் வேண்டும்.

கடைசியில் நசீர் நானாவிடம் போனேன். ஒரு காலத்தில் டவுனில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவர். இப்போது அதே கடையில் போன் கவர் விற்கிறார். நான் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் பேச்சில் ‘இருக்கு’ என்பது ‘ஈக்கு’ ஆகிவிடும்.

“பாலைவனம், தொறந்த கார், மஞ்சள் துப்பட்டா. வெளங்கிட்டு தங்கச்சி. என்கிட்ட நாலு கேசட் ஈந்திச்சி. நாலையும் ஒரே ஆள்தான் எடுப்பான், பேர் சொல்லத் தெரியாது, ‘ரோட்டுப் படம்’னுதான் கேப்பான். பள்ளிக்கூட வேன் ஓட்டுற ஒருத்தன்.”

“அது என் வீட்டுக்காரர்தான் நானா.”

“அப்ப ரெண்டு கேசட் இன்னும் அவன்கிட்டதான் ஈக்கு” என்றார்.

அவர் போனில் படத்தைத் தேடி எடுத்தார். கடைக்கு வந்த ஆட்களை நிற்க வைத்துவிட்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். அந்தக் காட்சி மொத்தம் நாற்பது வினாடி. நானா இரண்டாம் தடவை ஓடவிட்டார். மூன்றாம் தடவை பாதியில் நிறுத்தினார்.

“தங்கச்சி, இந்தக் கார் நிக்கிது.”

உண்மைதான். கார் நிற்கிறது. சில்லு சுற்றவில்லை. பின்னால் ஒரு திரை ஓடுகிறது. அதில் ஒரே ஈச்சமரம் மூன்று தடவை போகிறது. துப்பட்டாவுக்குக் காற்றாடி வைத்திருக்கிறார்கள் போல, அவளுடைய முடி ஒரு பக்கம் பறக்கிறது, துப்பட்டா இன்னொரு பக்கம் பறக்கிறது. கதாநாயகன் நேர் ரோட்டில் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கிறான். அவனை ஹந்தானைப் பக்கம் ஒரு நாள் விட்டிருக்க வேண்டும்.

“மச்சான்ட்ட சொல்லப் போறீங்களா?” என்று நானா கேட்டார்.

“சொல்ல மாட்டேன்.”

“அல்லாஹ்வுக்காக, சொல்ல வாணாம்.”

எனக்கு வேண்டியது சாவி. அதற்கு ஒரு ரோட் வேண்டும். நாவலப்பிட்டியில் இருக்கும் என் தம்பி ராஜாவைப் பிடித்தேன். அவன் லொறி ஓட்டுபவன், மரக்கறி ஏற்றி வடக்குக்குப் போய் வருபவன்.

“நேரா, மணலா, ஆள் இல்லாம ஒரு ரோட் வேணும்டா.”

“மணற்காடுக்கா. பருத்தித்துறைப் பக்கம். மணல் ரோட்டு மேலயே ஏறி வரும். காலைல ஒரு பஸ் போனா அப்புறம் ஒரு ஆளும் இல்ல.”

“போற வழியெல்லாம் நீதான் ஓட்டணும். அந்த ரோட்ல மட்டும்தான் அவர்.”

“ஏன், மச்சானுக்கு என்ன?”

சொன்னேன். லொறியை எந்த நாள் விடலாம் என்று கணக்குப் பார்த்தான். பிறகு “வாரேன்கா” என்றான்.

இவரிடம் போய் “ரோட் கிடைச்சிருச்சு” என்றேன். பொய் சொல்வது அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை.

மலையில் பிறந்தவர்களின் மூட்டை

விடியற்காலை புறப்பட்டோம். பெரஹரா ஊர்வலத்துக்காக டவுனில் ரோட்டை அடைக்கத் தொடங்கியிருந்தார்கள். தப்பி வெளியேறியதே பெரிய காரியம்.

நாங்கள் என்ன கொண்டு போனோம் என்பதைக் கேளுங்கள். ஆளுக்கொரு ஸ்வெட்டர், எனக்கு இரண்டு. ஒரு ஃபிளாஸ்க் இஞ்சித் தேத்தண்ணி. காதுக்குக் கட்ட மஃப்ளர். புளிச்சோறு. வாந்தி வந்தால் மோந்து பார்க்கத் தேசிக்காய் ஆறு.

தண்ணீர் இல்லை. ஒரு போத்தல்கூட இல்லை.

எங்கள் பக்கத்தில் யாரும் தண்ணீர் கொண்டு பயணம் போவதில்லை. எதற்கு? இரண்டு வளைவுக்கு ஒரு பீலி. மலையில் இருந்து மூங்கிலிலோ குழாயிலோ தண்ணீர் ரோட்டோரம் கொட்டிக்கொண்டே இருக்கும். கையை நீட்டிக் குடிக்க வேண்டியதுதான். எங்கள் வேனின் ரேடியேட்டர் ஒழுகிப் பல வருடம். இவர் அதைப் பழுது பார்க்கவே இல்லை. தினமும் ஹந்தானையில் ஒரே பீலியில் நிறுத்தி ஊற்றிக்கொள்வார். “இயற்கையே ஊத்துது, எதுக்குச் செலவு?” என்பார். முப்பது வருடம் ஊருக்கெல்லாம் தண்ணீர் பில் போட்ட எனக்கும் ஒரு போத்தல் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

முறிகண்டியில் எல்லா வாகனமும் பிள்ளையாருக்கு நிறுத்தும். நாங்களும் நிறுத்தி ஒரு தேங்காய் உடைத்தோம். பிள்ளையாரிடம் சாவியைக் கேட்டேன். ராஜா வறுத்த கச்சான் கடலை வாங்கினான். பக்கத்துக் கடையில் தண்ணீர்ப் போத்தல்கள் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன. அதற்குப் பக்கத்தில் நின்றுதான் உப்புக் கச்சானைத் தின்றோம்.

ஆனையிறவு தாண்டும்போது ஸ்வெட்டர்கள் எல்லாம் காலுக்குக் கீழே கிடந்தன.

நேர் ரோட்

ராஜா முதலில் அந்த ரோட்டை ஒரு முறை போய்த் திரும்பிப் பார்த்தான். ஆள் இல்லை, மாடு இல்லை. வேனை ஓரம் கட்டி இறங்கினான். “மச்சான், இனி உங்க ரோட்” என்றான்.

இவர் உடனே ஏறவில்லை. வேட்டியைச் சரிசெய்தார். தலையை வாரினார். பிறகு கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“படத்துல பனைமரம் இல்லையே புஷ்பம்.”

“படம் எடுக்கும்போது அதெல்லாம் கன்னு.”

“இவ்வளவு உயரமா வளந்திருச்சா?”

“நாற்பது வருஷம் ஆச்சுங்க. நாமளும்தான் வளந்தோம். ஏறுங்க.”

நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். ராஜா பின்னால் படுத்து, இரண்டு நிமிடத்தில் குறட்டை விட்டான். விடியற்காலையில் இருந்து ஓட்டியவன், அவனைக் குறை சொல்ல முடியாது. பிறகு சொன்னேன் என்பது வேறு விஷயம்.

வேன் புறப்பட்டது. பாலைவனம், நேர் ரோட், என் கணவர். பறப்பார் என்று நினைத்தேன். முள் இருபதைத் தாண்டவில்லை. பள்ளிக்கூட வேன் வேகம். படத்தில் அந்தக் கார் நின்ற வேகத்துக்கும் நாங்கள் போன வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதோடு ஹோர்ன். கொஞ்ச தூரம் போவார், ஒரு ஹோர்ன். இன்னும் கொஞ்சம், இன்னொன்று.

“யாருக்குங்க ஹோர்ன்? நண்டுக்கா?”

“கை தானா போகுது புஷ்பம்.”

காற்று சூடாக முகத்தில் அடித்தது. மணல் ரோட்டுக்குக் குறுக்கே பாம்பு மாதிரி ஊர்ந்து போனது. சவுக்கு மரத்துக்குப் பின்னால் கடல் சத்தம் கேட்டது, கடல் தெரியவில்லை. கோபக்காரியாக இருந்தாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அழகாகத்தான் இருந்தது.

“எப்படிங்க இருக்கு?”

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா கைக்கு வேலையே இல்ல.”

அப்போதுதான் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையாக எழுந்தது. அவர் லைட்டைப் போட்டார், ஹோர்ன் அடித்தார், மூட்டம் என்றார். நான் சிரித்தேன்.

சிரிப்புச் சத்தத்தில் ராஜா எழுந்தான். “மச்சான், நிப்பாட்டுங்க. ஹீட் ஆயிருச்சு. முள்ளு சிவப்புல நிக்குதே, பாக்கலையா?”

வேன் நின்றது. ராஜா முன்னால் எட்டிப் பார்த்து, மறுபடியும், “இவ்வளவு பெருசா காட்டுதே, எப்படி மச்சான் பாக்காம...” என்று ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான். நானும் சிரிப்பை நிறுத்தினேன்.

இஞ்சின் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ராஜா போத்தல் தேடினான். இல்லை. ஃபிளாஸ்கை எடுத்துக் குலுக்கினான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஃபிளாஸ்கோடு தூரத்தில் தெரிந்த கொட்டிலை நோக்கி மணலில் நடந்தான்.

நாங்கள் இருவரும் வேனுக்குள் இருந்தோம். ஹெட்லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நான் அணைக்கச் சொல்லவில்லை.

“அது மூட்டம் இல்லையா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. ஆவி.”

“ம்.” ஸ்டியரிங்கை விரலால் தட்டினார். “ஹந்தானையில இப்பல்லாம் எந்நேரமும் மூட்டம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். பத்து மணிக்கும் மூட்டம், ரெண்டு மணிக்கும் மூட்டம். மழை மாறிப் போச்சு, அதான்னு நெனச்சேன். லைட்டைப் போட்டுக்கிட்டே ஓட்டுனேன்.”

“ஒருத்தர்கிட்டயும் கேக்கலையா?”

“பிள்ளைங்ககிட்டக் கேட்டேன். ‘மூட்டமா இருக்குல்ல’ன்னு. ‘ஆமா மாமா’ன்னுச்சுங்க. நான் என்ன சொன்னாலும் ஆமான்னுதான் சொல்லும்ங்க.”

எனக்குத் திட்ட நிறைய இருந்தது. கண்டியில் இருந்தே அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். டாஷ்போர்டில் பிள்ளையார் படத்தில் படிந்த மணலைத் துடைத்தேன்.

கருவாட்டுக்காரி

ராஜாவோடு ஒரு பெண் வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவளாக இருக்கும். கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தவள், கையில் பெரிய பிளாஸ்டிக் கானில் தண்ணீர். வேனைச் சுற்றிப் பார்த்தாள். சீட்டுக்குக் கீழே கிடந்த ஸ்வெட்டர்களைப் பார்த்தாள்.

“எங்கையிருந்து வாறியள்?”

“கண்டி.”

“கண்டியோ? மலையெல்லாம் தண்ணி ஓடுற ஊரெண்டு சொல்லுவினம். ஒரு போத்தல் கொண்டு வரேல்லையோ?”

“மறந்துட்டோம்.”

“குளிருக்குச் சட்டை மட்டும் மறக்கேல்லை.”

கவுண்டரில் இருந்த நாட்களில் யாராவது என்னிடம் இப்படிப் பேசியிருந்தால் அவருடைய பில்லை மூன்று நாள் தேடியிருப்பேன். இவளிடம் வாயை மூடிக்கொண்டு தண்ணீர் வாங்கிக் குடித்தேன். கொஞ்சம் உப்பு.

“இஞ்ச என்னத்துக்கு வந்தனீங்கள்? கோயிலுக்கோ?”

இவர் இறங்கி வந்து சொன்னார்: “இந்த ரோட்ல ஒரு படம் எடுத்தாங்கம்மா. பழைய படம். அதைப் பாக்க வந்தோம்.”

அவள் ரோட்டைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டவில்லை, கையைக் காட்டவில்லை. எப்படிப் புரிந்ததோ தெரியாது.

“ஓம், எடுத்தவை” என்றாள். “நான் அப்ப சின்னப் பிள்ளை. சனமெண்டால் அவ்வளவு சனம்.”

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்தப் பெண் யார், பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு கோயில் கட்டலாம்.

இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ராஜா தண்ணீரை ஊற்றினான். இவர் வேனுக்குள் போய் சாவியைக் கழற்றினார். லைட்டையும் அணைத்தார். என் முன்னால் வந்து நின்று, வேட்டியை இடுப்பில் விலக்கினார். அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தது மாற்றுச் சாவி. அரிசி வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடிய சாவி, இத்தனை நாளும் என் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறது.

முடிச்சு அவிழவில்லை. அவர் விரல் அதைத் தேடித் தேடித் தடவியது. நான் குனிந்து பல்லால் அவிழ்த்தேன். அந்தப் பெண் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு சாவியும் என் கையில். சூடாக இருந்தன.

“போதுமாங்க? இன்னும் கொஞ்ச தூரம் வேணும்னா ராஜாவை முன்னால உக்கார வச்சு...”

“போதும். நேர் ரோட்ல எங்க திரும்புறதுன்னே தெரியல.”

வீட்டுக்கு

பள்ளிக்கூடம் திறந்த அன்று எங்கள் வேன் வழக்கம்போல ஹந்தானைக்குப் போனது. ஓட்டியது வேறு ஒருவர், பிள்ளைகளின் தாய்மார் பார்த்துச் சரி என்று சொன்ன ஆள். ரேடியேட்டரை முதலில் பழுது பார்க்க வைத்தேன். இவர் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார். சொட்டு மருந்தை நான்தான் விடுகிறேன். விடும்போது திட்டுகிறேன்.

ஆனால் எனக்கு அந்தத் திரும்பும் பயணம்தான் நினைவில் நிற்கிறது. மறுநாள் பின்னேரம் மாத்தளை தாண்டி பலகடுவ ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். ராஜா ஓட்டினான். இவர் பக்கத்தில், முன் சீட்டில். நான் பின்னால், மடியில் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு பெரிய போத்தல் தண்ணீரும். வளைவுகள் தொடங்கியதும் குளிர் வந்தது. பீலிகள் வரிசையாகக் கொட்டிக்கொண்டிருந்தன.

ஒரு வளைவில் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. மரம் தெரியவில்லை, பள்ளம் தெரியவில்லை.

இவர் வழக்கமாக உடனே சொல்லுவார். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பாமல், சின்னக் குரலில் கேட்டார்.

“புஷ்பம், இது மூட்டமா?”

நான் கண்ணாடியை இறக்கி வெளியே கையை நீட்டிப் பார்த்தேன். கை ஈரமானது.

“ஆமாங்க. இது மூட்டம்தான்.”

“அப்ப லைட்டைப் போடு ராஜா.”

ராஜா போட்டான். அடுத்த வளைவு வந்தபோது இவர் இருந்த இடத்தில் இருந்தே கையை நீட்டி, ராஜாவின் நெஞ்சுக்குக் குறுக்கே, ஹோர்னை அமுக்கினார். அதற்கடுத்த வளைவிலும் அமுக்கினார்.

கண்டி வரும்வரை நான் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.